கை ஊசி வீங்கலைன்னா டிபி இல்லையா?

பாம்பனிலிருந்து வந்தவர் சட்டைக் கையை மடக்கி முன்னங்கையைக் காட்டினார். ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் போட்ட நீல வட்டம் அப்படியே இருந்தது. அதற்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன், துளித் தடிப்பும் இல்லை. "லேப்ல டிபி இல்லைன்னுட்டாங்க டாக்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமிவிட்டார். விசைப்படகில் போகிறவர். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ இறங்கியிருந்தார். சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் சோதனைக்கு அனுப்பினேன். டிபி இருந்தது.

அந்தக் கை ஊசிக்கு மான்டூ என்று பெயர். காசநோய்க் கிருமியின் புரதத்தைத் தோலுக்குள் துளி செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்போம் (சிவப்பை அல்ல, பலரும் சறுக்குவது இங்கேதான்). தடிப்பை உண்டாக்குவது அந்தக் கிருமியை முன்பே சந்தித்த நம் டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள். அவை சும்மா இருந்துவிட்டால், நுரையீரல் நிறையக் கிருமி இருந்தாலும் கை வீங்காது. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு இந்தத் தோல் எதிர்வினை சில நாள் காணாமல் போவதை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே 1908-லேயே எழுதிவைத்தார். இப்படி எதிர்வினை அடங்கிப்போவதை அனர்ஜி என்கிறோம்.

டி செல் ஏன் சும்மா இருக்கிறது? அது கிளம்ப இரண்டு சைகை வேண்டும். கிருமியின் புரதத் துண்டை வேறொரு செல் ஏந்திக் காட்ட வேண்டும். அதே செல்லின் பி7 மூலக்கூறு, டி செல்லின் சிடி28-ஐத் தொடவும் வேண்டும். படகுக்காரர்களிடம் இதைச் சொல்வது சுலபம்: டீசல் அடித்து, ஐஸ் ஏற்றி, வலையும் வைத்தாயிற்று, ஆனால் கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கன் வரவில்லை. ஒரு வித்தியாசம், படகு மறுநாள் டோக்கன் கிடைத்ததும் போய்விடும். டோக்கன் இல்லாமல் புரதத்தை மட்டும் பார்த்த டி செல், பிறகு இரண்டும் சேர்ந்து வந்தாலும் அசையாது. டி செல் பெருக உதவும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைச் சுரக்காது, பெருகாது, சாகவும் சாகாது. நம் சொந்தத் திசுவையே அது தாக்கிவிடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் கட்டுப்பாடு இது.

டிபியில் கை வீங்காததற்குக் காரணம் இது ஒன்றே அல்ல. நோய் முற்றினாலும், சாப்பாட்டில் சத்து குறைந்தாலும், எச்ஐவி இருந்தாலும் டி செல்கள் அடங்கிப்போகும். ஸ்டீராய்டும் அடக்கும். இவருடைய சட்டைப் பையில் மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தானாக வாங்கிய மாத்திரை அட்டை இருந்தது. அதுவும் ஸ்டீராய்டுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். மான்டூ வீங்கினாலும் நோய் என்று அர்த்தமில்லை, கிருமி எப்போதோ உள்ளே வந்துபோன தடயமாக இருக்கலாம்.

கூட வந்திருந்த மனைவி, "சின்னவளுக்கு மூணு வயசு டாக்டர், அவளுக்கும் கை ஊசி போட்டுப் பாத்துருவோமா?" என்றார். வீட்டில் ஒருவருக்கு டிபி இருக்கும்போது, அந்த வயதுப் பிள்ளைக்கு ஊசி முடிவுக்காகக் காத்திருக்க மாட்டோம். நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடுவோம். மறுநாளே கூட்டி வரச் சொன்னேன்.