காதுக்குள் உருளும் கற்கள்

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “படுக்கையில் வலப்பக்கம் திரும்பினாலே வீடு சுற்றுகிறது என்கிறார் அம்மா. காதில்தான் கோளாறு என்று சொன்ன டாக்டர், அம்மாவின் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கட்டிலில் சாய்த்துத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு, மாத்திரைகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். இதெல்லாம் ஒரு வைத்தியமா?”

வைத்தியம்தான். எனக்குப் பிடித்த வைத்தியங்களில் ஒன்றும்கூட.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருப்பது பள்ளிப் பாடம். தலை திரும்பினால் குழலுக்குள் இருக்கும் திரவம் பின்தங்கும், கூழ்போன்ற ஒரு தடுப்பை வளைக்கும், மூளைக்குச் செய்தி போகும். சரி. குழல்களை ஒட்டிய சிறு பையில் கால்சியம் கார்பனேட் கற்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். தரை எந்தப் பக்கம் என்று உணர்த்துவது இவற்றின் வேலை. வயதானாலோ தலையில் அடிபட்டாலோ சில கற்கள் கழன்று குழலுக்குள் போய்விடும். பெரும்பாலும் பின்குழலுக்குத்தான், தாழ்வாக இருப்பது அதுதானே. டாக்டர்கள் இதை பி.பி.பி.வி. என்பார்கள், அதாவது தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்து போகும், ஆபத்தில்லாத தலைச்சுற்றல்.

இனிமேல்தான் வேடிக்கை. அம்மா திரும்பிப் படுக்கிறார். தலை நின்றுவிட்டது, கற்கள் நிற்கவில்லை. மெல்லக் கீழே இறங்குகின்றன, திரவத்தையும் கூடவே இழுக்கின்றன. தடுப்பு வளைகிறது. ‘தலை சுழல்கிறது’ என்று காது சொல்ல, மூளை நம்பிவிடுகிறது. உடனே கண்ணுக்கு உத்தரவு: எதிர்ப்பக்கம் திரும்பு! ஓடும் பேருந்தில் குலுங்கிக்கொண்டே நாம் பெயர்ப்பலகை படிப்பது இந்த அனிச்சைச் செயலால்தான். ஆனால் இப்போது தலை சும்மா கிடக்கிறது. கண் மெல்ல நகர்கிறது, வெடுக்கென்று திரும்பி வருகிறது, மறுபடி நகர்கிறது.

ஒவ்வொரு குழலும் கண்ணை அதனதன் தளத்தில்தான் அசைக்கும். அதனால் இரண்டு காதிலும் சேர்த்து ஆறு குழல்களில் எதில் கல் என்பதைக் கண் துடிக்கும் திசையே காட்டிக்கொடுத்துவிடும். பின்குழல் என்றால் கண் மேல்நோக்கித் துடித்தபடியே, தாழ்ந்திருக்கும் காதின் பக்கம் சுழலும். அதுவும் சாய்த்தவுடனே அல்ல, சில விநாடி கழித்துத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், கற்கள் அடியில் போய் உட்கார்ந்துவிடுவதால். லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952இல் விவரித்த சோதனை இது. ஸ்கேனில் இந்தக் கற்கள் தெரியாது, கண்ணில் தெரியும்!

கண்டுபிடித்தாயிற்று, வெளியே எடுப்பது எப்படி? வளைந்த குழாய்க்குள் விழுந்த கோலிக்குண்டை எடுக்கிற மாதிரிதான், குழாயைத் திருப்பித் திருப்பி உருட்ட வேண்டும். தலையை 45 டிகிரி பாதித்த பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துத் தலையைக் கொஞ்சம் தொங்கவிடுவார்கள். சுற்றல் அடங்கியதும் மறுபக்கம் 90 டிகிரி. பிறகு உடம்போடு இன்னொரு 90, முகம் தரையைப் பார்க்கும். பிறகு எழுப்பி உட்காரவைப்பார்கள். கற்கள் பழைய பைக்கே போய்விடும். பெரும்பாலோருக்கு ஓரிரு தடவையில் சரியாகிவிடும். சிலருக்குத் திரும்பவும் வரும், அப்போது திரும்பவும் செய்துகொள்ளலாம்.

இதை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லியை 1980களில் சக மருத்துவர்களே கேலி செய்தார்கள். அவருடைய கட்டுரை அச்சேற 1992 ஆனது. மருந்தும் கருவியும் விற்க முடியாத வைத்தியத்துக்கு ஆய்வுப்பணம் எங்கிருந்து வரும்? பொதுப்பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுமாதிரி ஆய்வுகள்தான் என்பது என் கட்சி.

நம் வீடுகளிலோ இதற்குப் பித்தம் என்று இஞ்சிச்சாறு, இல்லாவிட்டால் திருஷ்டி கழிப்பு. ஒன்றும் செய்யாவிட்டாலும் பலருக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடுகிற நோய் இது. கடைசியாக எதைச் செய்தோமோ பெயர் அதற்குப் போய்விடும். எலுமிச்சம்பழம் இப்படித்தான் டாக்டராகியிருக்கிறது.

கைப்பேசியில் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா என்று அடுத்த கேள்வி வரும். எந்தக் காது, எந்தக் குழல் என்று மருத்துவர் சொன்ன பிறகு செய்யலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வேண்டாம். தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, கைகால் மரத்தாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ அது காதுக்கல் இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.