கிராபிக்ஸ் கார்டு ஏன் இரைகிறது, கூலரை மாற்றினால் ஏன் அடங்குகிறது?

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் காட்சிகளைத் தயாரிப்பது கிராபிக்ஸ் கார்டு. 2013 அக்டோபரில் சிப் நிறுவனமான ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்9 290எக்ஸ் கார்டு வேகத்துக்குப் பாராட்டும் சத்தத்துக்குத் திட்டும் வாங்கியது. 438 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் சிப்பில் 620 கோடி டிரான்சிஸ்டர்கள். கேம் ஓடும்போது சுமார் 250 வாட் மின்சாரம் இழுக்கும். அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். சிப் 95 டிகிரி வரை சூடாகலாம் என்று ஏஎம்டியே அனுமதித்திருந்தது. இத்தனையையும் சமாளிக்க அதிலிருந்தது காற்றை ஒரு பக்கமாக ஊதித் தள்ளும் ஒரே ஒரு சின்ன ப்ளோயர் ஃபேன்.

பலரும் சூடுதான் சத்தத்துக்குக் காரணம் என்று நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். அதே 250 வாட்டை அதிகச் சத்தமில்லாமலும் வெளியேற்றலாம். கேள்வியெல்லாம், எவ்வளவு பரப்பின் மீது எவ்வளவு வேகத்தில் காற்றை ஓட்டுகிறோம் என்பதுதான். ப்ளோயர் கூலரில் சிப்பின் சூட்டை வாங்கும் நெருக்கமான உலோகத் தகடுகள் ஒரு மூடிய குழாய்க்குள் அடைந்திருக்கும். அதற்குள் காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். சின்ன ஃபேன் அந்த அழுத்தத்தைத் தர வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும். வீட்டு சீலிங் ஃபேன் அறை முழுக்கக் காற்றைத் தந்தும் உறுத்தாமல் இருக்கிறது, கையளவு ஹேர் டிரையர் அலறுகிறது, இல்லையா? அதே கணக்குதான்.

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறைந்துவிடும். சரி, அதே ஃபேனை மூன்றாக்குவோம்: சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபெல் கூடும். ஆக, 10 டெசிபெல் லாபம். நம் காதுக்கு அது ஏறக்குறைய பாதி சத்தம். காற்றோ முன்பைவிட ஒன்றரை மடங்கு! ஆர்க்டிக் நிறுவனத்தின் ஆக்சிலெரோ எக்ஸ்ட்ரீம் 3 போன்ற கூலர்களில் மூன்று 92 மில்லிமீட்டர் ஃபேன்கள் இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் மூன்று ஃபேனுக்கும் கீழே தகடுகள் அவ்வளவு தூரம் பரந்திருந்தால், நடுவிலிருக்கும் சிப்பின் சூடு ஓரம் வரை போய்ச்சேர வேண்டுமே? அந்த வேலையை ஹீட் பைப் செய்கிறது. எனக்கு இந்தக் கூலரிலேயே மிகவும் பிடித்த பாகம் இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய தாமிரக் குழாய். உள்ளே கொஞ்சம் தண்ணீர். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப நீராகும். உட்சுவரிலுள்ள நுண்துளைப் பரப்பு அந்த நீரை மறுபடி சிப்பின் பக்கம் இழுத்துவரும். ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,300 ஜூல் வேண்டும். அப்படியென்றால் 250 வாட்டைச் சுமக்க, எல்லாக் குழாய்களிலும் சேர்த்து நொடிக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு நீர் ஆவியானால் போதும்!

கூலரை மாற்றும்போது கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. கிராபிக்ஸ் சிப்பின் மேல் பொதுவாக உலோக மூடி இருக்காது. ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் சிலிக்கானின் மூலை உடைந்துவிடலாம். மூலைவிட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாக இருக்கட்டும். அது தாமிரத்தைவிடப் பல மடங்கு மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். இடுக்கிலுள்ள காற்றை விரட்டுவது மட்டுமே அதன் வேலை.

பெரிய தவறு நடப்பது வேறு இடத்தில். பழைய கூலரின் அடித்தகடு சிப்பை மட்டுமல்ல, மெமரியையும் சிப்புக்கு மின்சாரம் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியையும் சேர்த்துக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் இவை மொட்டையாக நிற்கும். சிப் 70 டிகிரியில் சுகமாக இருக்கும்போதே விஆர்எம் 100 டிகிரியைத் தாண்டிப் போகலாம். சூட்டை வாங்கிக் காற்றில் விடும் குட்டி உலோகத் துண்டுகளான ஹீட் சிங்க்குகளை அவற்றின் மேல் ஒட்டாமல் கார்டை ஓடவிடவே கூடாது.

அப்புறம், ப்ளோயர் சூடான காற்றைக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளியது. மூன்று ஃபேன் கூலர் அதில் பெரும்பகுதியை உள்ளேயே விடும். கேபினெட்டின் பின்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றி அதை வெளியேற்றவில்லை என்றால், புதுக் கூலர் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து, வேகத்தை ஏற்றி, பழையபடி இரைய ஆரம்பிக்கும்.