சட்டமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைப்பு: கையெழுத்து ஆளுநருடையது, முடிவு யாருடையது?

2022 பிப்ரவரி 12 அன்று மேற்கு வங்கச் சட்டமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்து அப்போதைய ஆளுநர் ஜகதீப் தன்கர் உத்தரவிட்டார். சட்டமன்றத்தையே முடக்கிவிட்டார் என்று பலர் கொதித்தார்கள். தமிழக முதல்வர் ஸ்டாலினும் கண்டித்தார். கடைசியில் பார்த்தால், முடித்துவைக்கச் சொல்லிப் பரிந்துரைத்ததே மாநில அரசுதான்.

இந்த அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 174-வது பிரிவில் இருக்கிறது. அவையைக் கூட்டுவது, தொடரை முடித்துவைப்பது, அவையைக் கலைப்பது மூன்றும் ஆளுநர் பெயரில்தான் நடக்கும். ஆனால் பெரும்பான்மை உள்ள அமைச்சரவை இருக்கும்போது, அவையைக் கூட்டுவதிலும் முடித்துவைப்பதிலும் அதன் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். அருணாச்சலப் பிரதேச வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, பேரவைத் தலைவர் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கிறேன்' என்கிறாரே, அதோடு தொடர் முடியவில்லையா? இல்லை. அன்றோடு அமர்வுதான் நிற்கிறது, தொடர் உயிரோடு இருக்கிறது. அவர் நினைத்தால் மறுபடி கூட்டலாம். ஆளுநரின் உத்தரவு வந்த பிறகு அப்படி முடியாது. அடுத்த தொடருக்கு ஆளுநரே முறைப்படி அழைக்க வேண்டும்.

முடித்துவைத்தால் நிலுவையில் உள்ள மசோதாக்கள் காலாவதியாகாது. 196-வது பிரிவு அவற்றைக் காப்பாற்றுகிறது. பேரவையைக் கலைத்தால்தான் அங்கே நிலுவையில் கிடப்பவை போகும். உறுப்பினர்கள் கொடுத்த நோட்டீஸ்கள் மட்டும் பெரும்பாலும் செல்லாமல் போய்விடும், திரும்பக் கொடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவு சாதாரணமான நடைமுறையில் அரசியல் எங்கே வருகிறது? முதலாவது, அவசரச் சட்டம். பேரவைத் தொடர் நடப்பில் இருந்தால், ஒரே அவை உள்ள மாநிலத்தில் 213-வது பிரிவின்படி அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. அது தேவைப்படும் அரசு, தொடரை முடித்துவைக்க அவசரப்படும்.

ஆளுநரோடு மோதல் உள்ள அரசு இதற்கு நேரெதிராக, முடித்துவைக்காமலே இழுக்கும். ஆண்டின் முதல் தொடர் ஆளுநர் உரையோடு தொடங்க வேண்டும் என்பது 176-வது பிரிவு. 2022 மார்ச்சில் தெலங்கானா பட்ஜெட் கூட்டம் அந்த உரை இல்லாமலே தொடங்கியது. பழைய தொடர் முடித்துவைக்கப்படவில்லை, இது அதன் தொடர்ச்சிதான் என்றது அரசு. அப்போதைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். என் பார்வையில் சட்டத்தின் சந்துக்குள் புகுந்து போன வேலைதான் அது, சட்டமீறல் என்று சொல்ல முடியாது.

பஞ்சாபிலும் இப்படித்தான். ஒத்திவைத்த அவையை 2023 ஜூன் 19, 20 தேதிகளில் மீண்டும் கூட்டியது செல்லாது என்றார் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் (முன்பு தமிழகத்தில் இருந்தவரேதான்). செல்லும் என்று அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

யார் எப்படி இழுத்தாலும் ஒரு வரம்பு உண்டு: ஒரு தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே 6 மாத இடைவெளி விழக் கூடாது.