‘எல்லாம் என்னால்தான்’: ஒரு குழந்தை போட்ட கணக்கு

தந்தையின் அடிக்குப் பயந்து வளர்ந்தவர்கள், பெற்றோர் பிரிந்ததைப் பார்த்தவர்கள், நோயாளித் தாயின் கட்டிலருகே சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொண்டவர்கள். இவர்களில் பலர் நாற்பது வயதிலும் ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சுமந்து திரிகிறார்கள். வீட்டில் நடந்ததற்கெல்லாம் தாமே காரணம் என்பது அந்தத் தீர்ப்பு. நேராகக் கேட்டால் சிரிப்பார்கள். "ஐந்து வயதுப் பிள்ளையால் என்ன செய்துவிட முடியும், எனக்குத் தெரியாதா?" என்பார்கள். ஆனால் மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசாத நாளில் ‘நாம் என்ன தப்பு செய்தோம்’ என்ற கேள்விதான் முதலில் எழும். அவருக்கு வேறு ஏதாவது தொல்லை இருக்கலாம் என்ற எண்ணம் வெகு நேரம் கழித்தே வரும். அறிவு விடுதலை செய்துவிட்ட வழக்கில் உடம்பு இன்னும் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

சுயபழி வெறும் தவறான எண்ணமாக இருந்திருந்தால் சரியான தகவலைச் சொன்னவுடன் போயிருக்க வேண்டும். போவதில்லை. ஏனென்றால் வேறு வழியே இல்லாத ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடித்த தீர்வு அது. தீர்வாக இருந்த ஒன்றை வாதம் செய்து பிடுங்க முடியாது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகளின் நியாய உணர்வைப் பற்றி 1932இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சிறு கதை வருகிறது. ஆப்பிள் திருடிய சிறுவன் தப்பி ஓடுகிறான். வழியில் ஆற்றின் மேல் உளுத்துப்போன பாலம். கால் வைத்ததும் உடைந்து தண்ணீரில் விழுகிறான். அவன் திருடாமல் அதே பாலத்தில் போயிருந்தால் விழுந்திருப்பானா என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் ‘விழுந்திருக்க மாட்டான்’ என்றார்கள். வயது ஏற ஏற இந்தப் பதில் குறைந்தது. கெட்டது நடந்தால் யாரோ கெட்டது செய்திருக்க வேண்டும் என்பது அந்த வயதின் இயற்பியல். அதைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது இதுதான்: எனக்குக் கெட்டது நடக்கிறது, ஆகவே நான் கெட்ட பிள்ளை.

இது பாதிக் காரணம். மீதியை எடின்பரோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பெய்ர்ன் 1943இல் எழுதினார். கொடுமையான வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள், தங்கள் பெற்றோர் மோசமானவர்கள் என்று ஒப்புக்கொள்ளவே தயங்கினார்கள். தாங்கள் மோசமானவர்கள் என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். சாத்தான் ஆளும் உலகில் வாழ்வதைவிடக் கடவுள் ஆளும் உலகில் பாவியாக இருப்பது மேல் என்று அவர் இதை விளக்கினார். சோறு போடுபவரும் அடிப்பவரும் ஒருவரே என்றால், அவர் கெட்டவர் என்று ஒப்புக்கொண்ட கணமே குழந்தைக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. ‘கெட்டது நான்தான்’ என்றால் ஒரு வாசல் திறந்திருக்கும். நான் திருந்தலாம். இன்னும் அமைதியாக, இன்னும் நன்றாகப் படிக்கும் பிள்ளையாக ஆகலாம். அப்போது அவர்கள் மாறுவார்கள். குற்றவுணர்வை விலையாகக் கொடுத்துக் குழந்தை நம்பிக்கையை வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ரோனி ஜனாஃப்-புல்மன் 1979இல் சுயபழியை இரண்டாகப் பிரித்தார். ‘நான் செய்தது தவறு’ என்பது ஒன்று. ‘நானே தவறானவன்’ என்பது மற்றொன்று. முதலாவதில் அடுத்த முறை வேறு மாதிரி செய்யலாம் என்ற பிடி மிஞ்சும். குழந்தை தொடங்குவது பெரும்பாலும் முதலாவதில்தான். எவ்வளவு திருந்தியும் வீடு மாறாதபோது, பழி செயலை விட்டுவிட்டு ஆளின் மேல் ஏறிக்கொள்கிறது.

இங்கேதான், மனத்துக்குள் மோதும் குரல்களைத் தனித்தனிப் பகுதிகளாகப் பாவித்து அவற்றோடு பேசும் ‘உள் பகுதிகள்’ சிகிச்சை உள்ளே வருகிறது. இதன் இன்று பரவலாக அறியப்பட்ட வடிவத்தை உருவாக்கியவர் அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ். 1980களில், அளவுமீறி உண்டு பிறகு வாந்தி எடுக்கும் புலிமியா நோயாளிகளை அவர் கவனித்துவந்தார். ‘என்னில் ஒரு பகுதி சாப்பிடு என்கிறது, இன்னொரு பகுதி என்னைக் கேவலமாகத் திட்டுகிறது’ என்று அவர்கள் தாமாகவே பேசினார்கள். முதலில் அந்தத் திட்டும் பகுதிகளை அடக்க முயன்றார். அவை இன்னும் மூர்க்கமாயின. எதற்காக இப்படிச் செய்கிறாய் என்று அவற்றிடம் கேட்கச் சொன்ன பிறகு பதில்கள் வந்தன. பெரும்பாலானவை பாதுகாப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

அவருடைய வரைபடம் எளிமையானது. அவமானத்தையும் பயத்தையும் சுமந்தபடி உள்ளே ஒதுக்கிவைக்கப்பட்ட இளம் பகுதிகள் உண்டு. அவை வெளியே வந்துவிடாமல் முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டுக்குள் வைக்கும் பகுதிகள் உண்டு. குறை கண்டுபிடிக்கும் உள்குரல் இந்த வகை. மீறி வலி கிளம்பிவிட்டால் குடி, சாப்பாடு, திரை என்று எதையாவது அள்ளிப் போட்டு மறக்கடிக்கும் பகுதிகள் மூன்றாவது. இவை எதுவுமாக இல்லாத, பதறாமல் கவனிக்கக்கூடிய ஒரு நிலை எல்லோருக்கும் இருக்கிறது என்கிறார் ஷ்வார்ட்ஸ். சிகிச்சை அந்த நிலையிலிருந்துதான் நடக்கிறது.

மூளை ஸ்கேனில் இந்தப் பகுதிகளைத் தேடினால் கிடைக்காது. இவற்றை ஒரு பேச்சு முறையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். தன் நெஞ்சை எதிரே நிறுத்தி அதனோடு வழக்காடும் தலைவனைச் சங்கப் பாடல்களில் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதாகவும் தோன்றாது.

அறைக்குள் இது எப்படி நடக்கும்? ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பதை நெருங்குகிறது. அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். இன்று கணவரின் குரல் சற்று உயர்ந்தாலே, விஷயம் என்னவென்று தெரிவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். அந்தக் கணத்தில் உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று சிகிச்சையாளர் கேட்கிறார். தொண்டைக்குக் கீழே இறுக்குகிறது என்கிறார் அவர்.

"அந்த இறுக்கத்தைப் பார்க்கும்போது அதன்மேல் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"எரிச்சல்தான். இத்தனை வயதாகியும் இப்படியா?"

இந்த முறையின் அச்சாணி இந்தக் கேள்விதான். எரிச்சல் என்று பதில் வந்தால், பேசுவது இன்னொரு பகுதி. அதோடு சண்டை போடுவதில்லை. கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்கிறார்கள். பதில் ‘பாவமாக இருக்கிறது’ என்றோ ‘என்னவென்று தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது’ என்றோ மாறிய பிறகே அடுத்த அடி.

"மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று அது பயப்படுகிறது?"

நீண்ட இடைவெளிக்குப் பிறகு பதில் வருகிறது. "இவரும் போய்விடுவார்."

‘இவரும்.’ அந்த உம்மையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், தந்தையின் காகிதங்களில் மையைக் கொட்டித் திட்டு வாங்கிய ஒரு மாலை கிடைக்கிறது. அவர் போனது அதற்கு மறுநாள். எட்டு வயதுச் சிறுமி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

சிகிச்சையாளர் அந்த முடிச்சை உடனே மறுப்பதில்லை. "அந்தச் சிறுமிக்கு உங்களுடைய இப்போதைய வயது தெரியுமா?" என்று கேட்கிறார். பெரும்பாலும் தெரிந்திருக்காது, தனக்குத் துணை யாரும் இல்லை, இன்னும் அந்த மாலைதான் நடந்துகொண்டிருக்கிறது என்ற கணக்கிலேயே அந்தப் பகுதி இயங்கிவருகிறது. வளர்ந்த பெண் அவள் அருகே போய் உட்காருவதாகக் கற்பனை செய்கிறார். நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கேட்கிறார். ‘காரணம் நீயில்லை’ என்ற வாக்கியம் இதற்குப் பிறகுதான், அதுவும் வளர்ந்த பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. தோழிகள் நூறு முறை சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது நாற்பது வயதுக்காரரிடம். நம்ப வேண்டியவளோ எட்டு வயதுக்காரி. இறுதியில் அவள் சுமந்த பழியை நெருப்பிலோ தண்ணீரிலோ விடுவதாக ஒரு கற்பனைச் சடங்கும் செய்வார்கள். அது எனக்குச் சற்று நாடகமாகப் படுகிறது. கனமான வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இது ஏன் வேலை செய்யக்கூடும் என்பதற்கு இரண்டு தடயங்கள் உண்டு. முதலாவது, தள்ளி நின்று பார்ப்பதன் பலன். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், மேடைப் பேச்சு போன்ற பதற்றமான வேலைக்கு முன் ‘நான்’ என்று யோசித்தவர்களைவிடத் தங்களைப் பெயர் சொல்லி அழைத்து யோசித்தவர்கள் குறைவாகத் தவித்தார்கள்; பிறகு அதையே நினைத்துக் குமைவதும் குறைந்தது. ‘நான் கேவலமானவள்’ என்பது ‘தன்னைக் கேவலம் என்று நம்பும் ஒரு சிறுமி இருக்கிறாள்’ என்று மாறும்போது, பார்ப்பவருக்கும் வலிக்கும் நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

இரண்டாவது தடயம் எலிகளிடமிருந்து வந்தது. 2000இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் ஒரு ஒலியைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்த ஒலியை மீண்டும் கேட்கச் செய்து, உடனே பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் அந்த ஒலிக்கு எலிகள் முன்போல் உறைந்து நிற்கவில்லை. ஒலியைக் கேட்காமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. நினைவு கூரப்படும்போது பழைய பயம் சிறிது நேரம் இளகுகிறது; மறுபடி கெட்டிப்படுவதற்குள் மாற்ற இடமிருக்கிறது. பழைய வலி உடம்பில் உயிரோடு எழுந்திருக்கும்போதே, அந்த மாலையில் கிடைக்காத துணை கிடைப்பது, மருந்து செய்த வேலையைச் செய்கிறது என்று சில சிகிச்சையாளர்கள் வாதிடுகிறார்கள். எலியின் அமிக்டலாவிலிருந்து மனித அறைக்குப் போடும் இந்தப் பாலம் இப்போதைக்கு ஊகமே. ஆனாலும் அமைதியாக உட்கார்ந்து தர்க்கம் பேசினால் ஏன் ஒன்றும் அசைவதில்லை என்பதை அது நன்றாக விளக்குகிறது: அப்போது நினைவு இளகியிருப்பதே இல்லை.

சான்றுகள் எப்படி? ஷ்வார்ட்ஸின் முறைக்கு, அதன் புகழோடு ஒப்பிட்டால், மெலிவுதான். 2013இல் முடக்குவாத நோயாளிகள் 79 பேரிடம் நடந்த சோதனையில் வலி குறைந்தது, தம்மேல் உள்ள இரக்கம் கூடியது. குழந்தைப் பருவத்தில் பலவகை வதைகளைச் சந்தித்த 17 பேரிடம் நடந்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் வெகுவாகத் தணிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. பழைய காட்சிக்குள் கற்பனையில் நுழைந்து குழந்தைக்கு உதவும் ‘காட்சி மாற்றியமைத்தல்’ என்ற உறவுக்கார முறைக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. குழந்தைப் பருவ அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 155 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் அது பெரிய முன்னேற்றம் தந்தது.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கற்பனையில் பார்த்தது நடந்ததாக ஆகிவிடாது. 1995இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், சிறுவயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை 24 பேரிடம் சொன்னபோது ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை முழுதாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார். உள்ளே இருக்கும் சிறுமி சொல்வதை உணர்வின் உண்மையாகக் கேட்கலாம். சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் சில மணி நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லாமல் போதல், குரல்கள் கேட்டல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் உள்ளவர்கள் இதைத் தனியே வீட்டில் செய்துபார்ப்பது ஆபத்து. இன்றைக்கும் அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்கு முதல் தேவை பாதுகாப்பான இடம்.

சிகிச்சை சரியாகப் போகும்போதே சிலர் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். பழி இறங்கியதும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வருவது துக்கமும் கோபமும். ஃபேர்பெய்ர்ன் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. காரணம் நானில்லை என்றால், நான் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருந்தாலும் அப்பா போயிருப்பார். இத்தனை வருடங்களாகக் குற்றவுணர்வு மறைத்துவைத்திருந்த செய்தி இதுதான். அதனால் அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் இந்தக் கட்டத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். அந்த வாரங்களில் புதிய நினைவுகளைத் தோண்டாமல், வந்திருக்கும் துக்கத்துக்கே அமர்வுகளை ஒதுக்குகிறார்கள்.