ஒழுகும் மொட்டை மாடியும் பத்து வருட உத்தரவாதமும்

பழைய வீடுகளைப் பார்வையிட்டுப் பழுதுக்கான காரணத்தைச் சொல்வது கட்டடப் பொறியாளரான என் வேலைகளில் ஒன்று. சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மாதத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒழுகும் கூரையைப் பற்றியவை. மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மூன்று ஆண்டுகளில் மூன்று பேரை வைத்து மொட்டை மாடி முழுவதும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்திருந்தார். மூவருமே பத்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூவரின் கைப்பேசி எண்களும் அடுத்த மழைக்கு வேலை செய்யவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, மழைநீர்க் குழாயின் வாயை வேப்பிலை அடைத்திருக்க, மூலையில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தேங்கிய நீர், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்திலிருந்த விரிசல் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடைப்பை எடுத்து விரிசலை அடைக்க ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான் ஆனது. தூசியைக் கூடக் கூட்டாமல் அடித்த அந்தப் பூச்சுகளோ கையால் இழுத்தாலே உரிந்து வந்தன.

ஆகவே, காரணத்தைக் காட்டுவதற்கு முன்பே சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவுக்கு நீங்களே கண்டறியலாம். கோடையிலும் காயாத ஈரம் மழையால் வந்ததாக இருக்க முடியாது. அது குளியலறைத் தளத்திலிருந்தோ, சுவருக்குள் போகும் குழாயிலிருந்தோ, மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ வருவது. இரவில் தொட்டியின் வெளிப்போக்கு வால்வை மூடி, நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில்தான் கசிவு. வால்வைத் திறந்துவைத்து, எல்லாக் குழாய்களையும் மூடிய மற்றோர் இரவில் மட்டும் இறங்கினால், கசிவு குழாய்த் தடத்தில் இருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகு அளவைப் பாருங்கள். பூச்சு டப்பாவின் மீது, ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும், எத்தனை கை, அதாவது எத்தனை முறை, அடிக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டு கைகளும் சேர்த்து லிட்டருக்கு 20 சதுர அடி என்று போட்டிருந்தால், 1,000 சதுர அடி மாடிக்கு 50 லிட்டர் தேவை. ஒரே ஒரு 20 லிட்டர் டப்பாவோடு வருபவர் மீதியைத் தண்ணீரால்தான் நிரப்பப்போகிறார். முடிந்தவரை பொருளை நீங்களே கடையில் வாங்குங்கள். டப்பாவின் மூடி முத்திரையை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை காலி டப்பாக்களை வெளியே போக விடாதீர்கள்.

தளத்தின் அடிப்பகுதியில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளில்தான் ஏமாற்று அதிகம், ஆபத்தும் அதிகம். கம்பி துருவேறும்போது பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் தட்டி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் துருவைச் சுரண்டி, மிகவும் மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்த பிறகே பூச வேண்டும். துருவின் மேலேயே சிமெண்டைப் பூசி வெள்ளையடித்தால் முதல் நாள் அழகாக இருக்கும். உள்ளே துரு தொடரும், ஒரு நாள் அந்தப் பூச்சு தலையில் விழும். சுத்தம் செய்த கம்பியைப் பார்க்காமல் பூச்சு வேலையைத் தொடங்க விடாதீர்கள், ஒளிப்படமும் எடுத்துவையுங்கள்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு பிணைத்து, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை. கடைசித் தவணையை, மாடியில் இரண்டு நாள் நீர் கட்டிச் சோதித்த பிறகே கொடுக்கலாம். ஆனால் இரண்டு அங்குல நீர், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ எடை. கம்பி துருவேறிய பழைய தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. நிறுத்திவைக்கும் தொகை ஒப்பந்தக்காரருடையதாக இருக்கட்டும். கொத்தனார், சித்தாள் கூலி அன்றன்றைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசிவிட்டுக் கலவையில் சிமெண்ட் குறைந்தது என்று வருந்தும் வீட்டுக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன்; அங்கே பழி ஒருவர் மீது மட்டும் இல்லை.

ஏமாந்துவிட்டால், காசு கொடுத்துப் பெற்ற வேலை என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குப் பொருந்தும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். அங்கே கையெழுத்திட்ட மதிப்பீடும், வங்கி வழியே செலுத்திய தொகையும், வாட்ஸ்அப் உரையாடலும் உதவும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர் அதை மெய்ப்பிக்கவே திண்டாடுவார்.

நடு மழையில் பதறிப்போய் அழைப்பவர்களிடம், குழாய் வாயைச் சுத்தம் செய்து, விரிசல் மீது தார்ப்பாய் விரித்துவிட்டு, தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் மார்ச் மாதத்தில் கூப்பிடுங்கள் என்கிறேன். மார்ச்சில் கூப்பிடுபவர்கள் மிகச் சிலரே.