பங்க்கில் அடிபட்டால்: வேலையில் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு

கேரளத்தில் விற்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் 2023 ஏப்ரல் முதல் இரண்டு ரூபாய் ‘சமூகப் பாதுகாப்பு செஸ்’ என்ற கூடுதல் வரி சேர்ந்திருக்கிறது. அது ஓய்வூதியங்களுக்குப் போகும் பணம். அந்தப் பெட்ரோலை வண்டிக்கு ஊற்றுகிறவரின் பாதுகாப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், வாளையார் பக்கம் பங்க்கில் நிற்கும் நம் ஆட்களில் பலர் அதைச் சம்பளத்தில் பிடித்தம் என்ற அளவில்தான் அறிந்திருக்கிறார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பங்க், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். தொழிலாளியிடம் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டவேண்டும். 15,000 ரூபாய் வாங்குபவருக்குப் பிடித்தம் ஏறத்தாழ 113 ரூபாய். 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதற்காக இ.எஸ்.ஐ. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

காய்ச்சல், தலைவலி என்று விடுப்பு எடுத்தால் கிடைக்கும் நோய்க்காலப் பணத்துக்கு முன்பே 78 நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும். வேலையில் அடிபட்டால் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு. வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு வரும். நாளுக்கு 500 என்றால் 450 ரூபாய். அடிபட்ட நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருக்கவேண்டும். உயிரே போய்விட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் உண்டு.

இனி நடப்பதைப் பாருங்கள். டேங்கர் வந்து நிற்கிறது. முதலில் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியை மாட்டிவிட்டுத்தான் குழாயைத் தொடவேண்டும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, அவசரத்தில் இணைப்பு நழுவுகிறது. பையனின் கண்ணில் பெட்ரோல் தெறிக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, காலடியிலேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். நல்லவேளை, தீப்பிடிக்காமல் கண்ணில் தெறித்ததோடு போயிற்று. ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவவேண்டிய கண்ணைத் துண்டால் துடைத்துவிட்டு, மேனேஜர் தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கையிலிருந்து பணம் கட்டுகிறார். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறவில்லை. பத்து நாள் கழித்துக் கண் மங்கும்போது, இது வேலையில் பட்ட அடி என்பதற்கு என்ன சாட்சி?

ஆகவே அன்றைக்கே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பம்ப் அருகில் நின்று அல்ல. மருத்துவரிடம் ‘பங்க்கில், வேலை நேரத்தில்’ என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதவையுங்கள். முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் இ.எஸ்.ஐ. பணத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

மெல்ல வரும் கேடும் உண்டு. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து அதன் நடுவில் வேலை செய்தவருக்கு பென்சீனால் நோய் வந்தால், சட்டம் அதையும் விபத்தாகவே கொள்கிறது. மருத்துவச் சான்று வாங்குவது சுலபமல்ல; வேலையில் சேர்ந்த தேதியைக் காட்டும் காகிதம் இல்லாவிட்டால் இன்னும் கடினம். பணி நியமனக் கடிதம் இப்போது எல்லோருக்கும் உரிமை, கேட்டு வாங்குங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் வீடு, கேரளத்தில் வேலை என்றாலும் கவலையில்லை, இ.எஸ்.ஐ. நாடு முழுவதும் செல்லும்.

பத்துப் பேருக்குக் குறைவான சிறு பங்க் என்றால் இழப்பீட்டை முதலாளியே தரவேண்டும். தராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கவேண்டும். மலையாளம் எழுத வராது என்று தயங்குகிறவர்கள் கவனிக்க: மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வரவேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது.