கடம்பா முட்டையிடும் தரை

சென்னை காசிமேட்டில் விடியற்காலை மீன் பிரிக்கும்போது, வலையோடு சில சமயம் வெள்ளை விரல்கள் கொத்தாக வரும். வழவழவென்று சுண்டுவிரல் அளவில் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் சொறிமீன் (ஜெல்லி மீன்) என்று ஒதுங்குவார்கள். அது கடம்பா முட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஜவ்வரிசி மாதிரி மணிகள். கொஞ்சம் முற்றியிருந்தால் ஒவ்வொரு மணியிலும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், குஞ்சின் கண்கள்தான்.

புத்தகங்கள் ஊசிக்கணவாய் என்று சொல்லும் இந்தக் கடம்பாவுக்கு ஆயுள் சுமார் ஒரு வருஷம். தாய் தரையில் இடம் பார்த்து, மணலிலோ பாறையிலோ முட்டைக்கொத்தை ஒட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் எல்லாம் அந்த இடத்துத் தண்ணீரின் கையில்.

தண்ணீர் சூடானால் கரு வேகமாக வளரும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மஞ்சள்கரு சீக்கிரம் செலவாகி, குஞ்சு சின்னதாகப் பிறக்கும். வேகமாக வளரும் கருவுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். சூடான தண்ணீரிலோ ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். கொத்தின் நடுவில் இருக்கும் முட்டைகள்தான் முதலில் மூச்சுத் திணறும். சரி, ஆழத்தில் குளிர்ந்த இடம் தேடலாமே? வங்கக்கடலில் அதுவும் சிக்கல். மழையும் ஆற்று நீரும் மேலே மூடி போலப் படிந்து, கீழ்த் தண்ணீரோடு எளிதில் கலப்பதில்லை. ஆழத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொசஸ்தலையாறு எண்ணூரில் கொட்டியது போன்ற வெள்ளம் வந்தால் கரையோரக் கடலில் உப்பும் குறையும். கடம்பாவுக்கு உப்புக் குறைந்த நீர் ஆகாது.

கலிபோர்னியாவில் 1997-98 எல் நினோவில் கடல் சூடானபோது கணவாய்ப் பிடிப்பு படுத்துவிட்டது. குளிர்நீர் திரும்பியதும் மீண்டது. ஆயுள் குறைவு என்பதால் சரிவதும் எழுவதும் சட்டென்று நடக்கும்.

இன்னொன்று, கடலில் கரைந்து தண்ணீரில் அமிலத்தைக் கூட்டும் கரியமில வாயு. குஞ்சின் தலைக்குள் சுண்ணாம்பால் ஆன பொடிக்கற்கள் இரண்டு உண்டு. எது மேல், எது கீழ் என்று காட்டுவது அவைதான். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தில் கணவாய் முட்டைகளை அமிலம் கூடிய நீரில் வளர்த்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள்: பொரிய நாளாயிற்று, குஞ்சும் கல்லும் சிறுத்தன, கல்லில் துளைகள் தெரிந்தன. கல் பழுதானால் நேராக நீந்துவதே கஷ்டம்.

நம் கரையில் மீன்கள் முட்டையிடும் காலத்துக்கென்று வைத்த மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் 61 நாள். அந்தத் தேதி மாறுவதில்லை. ஆனால் கடல் சூடாகச் சூடாக, கடம்பா முட்டையிடும் மாதம் நகரலாம்.